வெட்டாமல் விட்ட நூல்

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பிகோ மெஷினில் மறுபடி உட்கார்கிறேன்.
பகலெல்லாம் யார் யார் புடவைக்கோ
ஓரம் அடித்த ஊசி
இந்த அரைமணி நேரம் எனக்கு.

முன்பக்கம் ரவிக்கை வெட்டிய மிச்சம்:
வெள்ளாளத் தெரு டீச்சரின் மாம்பழ மஞ்சள்,
நிச்சயம் நின்றுபோன வீட்டார்
வாங்க வராத அரக்கு.
நடுவில் கேன்வாஸ்.
பின்பக்கம் காடாத்துணி,
அதில் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதிய விலாசம்:
தேசம்மா, பிளாக் எண், மாடி எண், கதவு எண்,
பெரும்பாக்கம்.
பேரைவிட எண்கள் நிறைய.
கூவத்தோரம் இருந்தவரை
பாலத்துக்குக் கீழே, அடிபம்புக்குப் பக்கத்தில்
என்றால் போதும்
தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே கூப்பிடுவார்.

முதலில் நேர்த்தையல் ஒரு சுற்று,
மூன்று துணியும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவாதிருக்க.
விளிம்பை நறுக்கிவிட்டு
அப்புறம் ஜிக்ஜாக்.
தளர்வாக ஒருமுறை,
மெட்ரோ வேலைக்கு நட்ட தடுப்புகள் மாதிரி
இடைவெளி தெரிய.
அதன்மேலேயே நெருக்கி இன்னொருமுறை,
காலை எட்டரை மணி 29சி மாதிரி
நூலுக்கு நூல் மூச்சுவிட இடமில்லாமல்.

மூலையில்தான் காரியம் இருக்கிறது.
ஊசி வெளிப்பக்கம் இறங்கும்போது நிறுத்தணும்,
பாதத்தைத் தூக்கி
அட்டையைத் திருப்பி
பாதத்தை இறக்கணும்.
உள்ளே இறங்கும்போது திருப்பிவிட்டால்
மூலை வாயைப் பிளந்து கேன்வாஸைக் காட்டும்.
சிலசமயம் தகட்டு ஓட்டை
மூலையையே விழுங்கப் பார்க்கும்.
அதற்கு அடியில் ஒரு நாட்காட்டித் தாள் வைத்துத் தைத்து
பின்பு கிழித்துவிடுவேன்.
போன அட்டையில் தையலுக்குள்
‘மிதுனம் - வர’ என்று ஒரு துணுக்கு
சிக்கிக்கொண்டது.
வரவா, வரனா, வரம்பா,
குண்டூசியால் நோண்டிப் பார்த்துவிட்டு
விட்டுவிட்டேன்.

தபால்தலை துணியில் ஒட்டாது
என்றாள் கவுண்டர் பெண்.
மறுநாள் அதையும் நாலு ஓரம் தைத்து எடுத்துப் போனேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
இது கார்டா பார்சலா?
எழுத்தே காணோமே?
என்னத்தை எழுதுவது, உறை இல்லாத ஒன்றில்.
எடை போட்டாள்.
பின்னால் இருந்த மூக்குக்கண்ணாடிக்காரர்
வேண்டாம் என்று கையாட்டுவதற்குள்
குத்திவிட்டாள் முத்திரையை.
மை காடாவில் ஊறி
வட்டமாகப் பரவியது.

தேசம்மா இந்தக் கடையில் ஆறு வருடம்
பிசிறு வெட்டினாள்.
நான் அடித்துத் தள்ளுவேன்,
தரையில் விழுமுன்
முந்தானையைப் பிடித்து நூலை வெட்டி
மடித்துப் போட்டிருப்பாள்.
கத்தரி கிடைக்காத அவசரத்தில் பல்லால்.
வீடுகளை இடித்து லாரியில் ஏற்றிய பிறகு
மூன்று பஸ் மாறி
பதினொரு நாள் வந்தாள்.
பன்னிரண்டாம் நாள்
ஒரு மணிவரை அவள் ஸ்டூல்மேல்
யாரையும் பை வைக்க விடவில்லை நான்.

அதனால் எல்லா அட்டையிலும்
கடைசி மூலையைத் தாண்டி
ஒரு விரல் நீளத்துக்கு நூலை
அப்படியே தொங்கவிட்டு அனுப்புகிறேன்.
வெட்டுவது என் வேலை இல்லை.

நேற்று, வாடிக்கைக்காரர்கள் நெருக்கியடிக்கும் நேரம்,
போன்.
இன்னாடி, எப்பப் பாத்தாலும்
நூல வெட்டாமயே அனுப்பற?
கண்ணு தெர்லயா?
தெரியல, என்றேன்.
மிதுனம்னு இன்னாமோ ஒட்டினு கீது,
நான் தனுசு.

அப்புறம் பேச்சில்லை.
அவள் பக்கம் யாரோ
தண்ணி லாரி, தண்ணி லாரி என்று
மாடிமாடியாகக் கத்திக்கொண்டு இறங்கினார்கள்.
இந்தப் பக்கம் ஓர் அம்மாள்
பட்டுப்புடவையை நீட்டியபடி நிற்கிறாள்.
போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில்
இடுக்கிக்கொண்டேன்.

இரு, வைக்காத,
என்றாள் தேசம்மா.

கத்தரி
வாய்மூடும் சத்தம்.